மச்சி, ஒரு ஸ்பூன் போடு... தூக்கம் ஓடிப்போயிடும்!

கேன்டீன் பெஞ்ச் – வாரா வாரம்

ராத்திரி ரெண்டு மணி. இடம், அனகாபுத்தூர்ல என் நண்பன் வீட்டு மொட்டை மாடி. தலைக்கு மேல ஒரு விமானம், சக்கரத்தை எட்டித் தொட்டுடலாம்ங்கிற மாதிரி இறங்கிப் போகுது. கீழே அடையாத்துல இருந்து கிளம்பி வந்த கொசுப் படை எங்க ரெண்டு பேரையும் ரவுண்டு கட்டுது. நடுவுல ‘கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்’ புத்தகம் மல்லாக்கப் படுத்திருக்கு. விடிஞ்சா எக்ஸாம். அஞ்சு யூனிட்ல மூணு யூனிட்டை இப்பத்தான் மொத மொதல்ல பார்க்குறோம். (சிரிக்காதீங்க பாஸ், நீங்களும் அப்படித்தானே?)

அப்போ நம்மாளு பையில இருந்து ஒரு டப்பாவை எடுத்தான். பேரைப் போட்டா அடிப்பான், அதனால ‘ஜிம்பாய்’னு வெச்சுக்குவோம். டப்பா உள்ளே வெள்ளை வெளேர்னு பவுடர்.

“டேய், என்னடா இது? முகத்துக்குப் போடுறதா?”

“கிரியேட்டின் மச்சி! ஜிம்முல போடுறதுதான். ஆனா இப்ப ஜெர்மனியில கண்டுபிடிச்சிருக்கானுங்க. தூங்காம இருக்கிறவன் இதைச் சாப்பிட்டா மூளை சும்மா பிச்சுக்கிட்டு வேலை செய்யுமாம். ஒரு ஸ்பூன் போடு... தூக்கம் ஓடிப்போயிடும்!”

நான் போடலை. காரணம் கொள்கை எல்லாம் இல்லீங்க, பயம்தான். அவன் ரெண்டு ஸ்பூனைத் தண்ணியில கலக்கி மடக்குனு குடிச்சான். சரியா நாற்பதாவது நிமிஷம் ‘ரூட் லோக்கஸ்’ மேல தலையை வெச்சுக் குறட்டை விட ஆரம்பிச்சான்!

அன்னிக்கு நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அடுத்த மாசமே அதே டப்பாவால அவங்க வீட்டுல எல்லாரும் ஒரு வாரம் சாப்பிடாம உட்கார்ந்திருந்தாங்க. அந்தக் கதைக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி இந்தப் பவுடர் யாரு, எந்த ஊரு, என்ன வேலை பார்க்குதுன்னு கொஞ்சம் விசாரிப்போம்.

நரிக்கறியில ஆரம்பிச்ச கதை

1832-ம் வருஷம் மிஷேல் யூஜின் ஷெவ்ரல்ங்கிற பிரெஞ்சு கெமிஸ்ட், இறைச்சியில இருந்து ஒரு பொருளைப் பிரிச்சு எடுத்தார். கிரேக்க மொழியில இறைச்சிக்கு ‘கிரியாஸ்’னு பேரு. அதையே கொஞ்சம் வளைச்சு ‘கிரியேட்டின்’னு வெச்சுட்டார். 1847-ல லீபிக்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி வேற ஒண்ணைக் கவனிச்சார். வேட்டையில துரத்தித் துரத்திக் கொல்லப்பட்ட காட்டு நரியோட சதையில, வீட்டுல சும்மா வளர்ந்த நரியைவிடப் பத்து மடங்கு கிரியேட்டின் இருந்துச்சு. ‘ஓடுற உடம்புக்கும் இதுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்குடா’ன்னு அப்பவே பொறி தட்டிடுச்சு.

அப்புறம் இது ரொம்ப நாள் லேப்லயே கிடந்தது. 1992-ல ரோஜர் ஹாரிஸ் குழு, வாய் வழியா சாப்பிடுற கிரியேட்டின் தசையில போய்ச் சேருதுன்னு நிரூபிச்சாங்க. அவ்வளவுதான், உலகம் பூரா ஜிம்முல இது டப்பா டப்பாவா வந்து இறங்கிடுச்சு. ஒரு விஷயம், இது ஸ்டீராய்டு கிடையாது. விளையாட்டு வீரர்களுக்குத் தடை செஞ்ச பொருள் லிஸ்ட்லயும் இல்லை. நம்ம உடம்பே ஒரு நாளைக்கு சுமார் 1 கிராம் தயாரிச்சுக்குது. கறி, மீன் சாப்பிடுறவங்களுக்கு சாப்பாட்டுல இருந்தும் கிட்டத்தட்ட அதே அளவு கிடைக்குது. உடம்புல இருக்கிற கிரியேட்டின்ல நூத்துக்கு 95 பங்கு தசையிலதான். மிச்சத்துல ஒரு பங்கு நம்ம மூளையில இருக்கு.

இது என்ன வேலை பார்க்குது? ஹாஸ்டல் பசங்களுக்கு ஈஸியா புரியும். உடம்போட ஒவ்வொரு செல்லும் செலவு பண்ற சில்லறைக்குப் பேரு ஏ.டி.பி. இந்தச் சில்லறை பாக்கெட்ல ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கும். சாப்பாட்டுல இருந்து புதுசா ஏ.டி.பி. வரணும்னா வீட்டுல இருந்து மணியார்டர் வர்ற மாதிரி... வரும், ஆனா லேட்டாகும். அவசரத்துக்கு என்ன பண்ணுவோம்? பக்கத்து பெட் நண்பன்கிட்ட கைமாத்து வாங்குவோம் இல்லையா? அந்த நண்பன்தான் கிரியேட்டின். ‘பாஸ்போகிரியேட்டின்’ங்கிற உருவத்துல கையில காசோட ரெடியா நிப்பான். செல்லுல சில்லறை தீர்ந்த அடுத்த செகண்டே எடுத்து நீட்டுவான்.

நூறு மீட்டர் ஓடும்போது தசைக்கு இப்படிக் கைமாத்து தேவைப்படுது. மூளையோ, எடையில உடம்புல ஐம்பதுல ஒரு பங்குதான். ஆனா சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மொத்த எனர்ஜியில அஞ்சுல ஒரு பங்கை அது ஒண்ணே காலி பண்ணுது. நம்ம கேங்ல ஒருத்தன் மட்டும் ரெண்டு பிளேட் பிரியாணி அமுக்குவானே, அந்த மாதிரி பார்ட்டி! தூக்கம் கெட்டா மூளையோட எனர்ஜி கணக்கு இன்னும் இடிக்க ஆரம்பிக்குது. ‘அப்போ மூளைக்கும் இந்தக் கைமாத்து நண்பனை அனுப்பிப் பார்த்தா என்ன?’ன்னு விஞ்ஞானிகள் யோசிச்சதுல தப்பே இல்லை.

ஜெர்மனியில நிஜமா என்ன நடந்தது?

ஜிம்பாய் சொன்னது முழுப் பொய் இல்லைங்க. அதுதான் பிரச்னையே. முழுப் பொய்னா ஒதுக்கித் தள்ளிடலாம், பாதி உண்மையா இருந்தா என்ன பண்றது?

முதல்ல 2003. ஆஸ்திரேலியாவுல கரோலின் ரே குழு 45 சைவ உணவுக்காரர்களுக்கு ஆறு வாரம், தினமும் 5 கிராம் கொடுத்துப் பார்த்தாங்க. சைவம் ஏன்? கிரியேட்டின் காய்கறியில கிடையாது, பால்ல துளியூண்டுதான் இருக்கு. நம்பரைத் தலைகீழா திருப்பிச் சொல்ற மாதிரியான ஞாபக டெஸ்ட்ல அவங்க முன்னேறினாங்க. 2006-ல இங்கிலாந்துல மெக்மோரிஸ் குழு, ஒரு வாரம் தினம் 20 கிராம் கொடுத்து, அப்புறம் 24 மணி நேரம் தூங்க விடாம வெச்சாங்க. கிரியேட்டின் சாப்பிட்டவங்க சில டெஸ்ட்டுகள்ல கொஞ்சம் கம்மியா சொதப்பினாங்க.

நம்மாளு சொன்ன ஜெர்மனி சமாச்சாரம் 2024-ல வந்தது. யூலிஷ் ஆராய்ச்சி மையத்துல அலி கோர்ஜி-நெஜாத் குழு பண்ணினது. 15 பேரை ராத்திரி பூரா முழிக்க வெச்சாங்க. ஒரு ராத்திரி கிரியேட்டின், இன்னொரு ராத்திரி டம்மி பவுடர். எது எதுன்னு சாப்பிடுறவங்களுக்குத் தெரியாது. இடையிடையே ஸ்கேன் எடுத்து மூளைக்குள்ள எனர்ஜிக் கணக்கைப் பார்த்தாங்க. ஒரே ஒரு டோஸ்தான். ஆனா சுமார் மூணு மணி நேரத்துலயே வித்தியாசம் தெரிய ஆரம்பிச்சு, நாலு மணி நேரத்துல உச்சத்துக்குப் போய், ஒன்பது மணி நேரம் வரை இருந்துச்சு. யோசிக்கிற வேகம், குறுகிய கால ஞாபகம் ரெண்டும் டம்மி ராத்திரியைவிட நல்லா இருந்துச்சு.

‘சூப்பருல்ல?’ன்னு கேப்பீங்க. சூப்பர்தான். இப்போ இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் மாதிரி கணக்குப் போடுங்க.

அவங்க கொடுத்த டோஸ், உடல் எடையில ஒவ்வொரு கிலோவுக்கும் 0.35 கிராம். நீங்க 60 கிலோன்னா 21 கிராம், ஒரே மூச்சுல! ஒரு கிலோ பச்சைக் கறியில சுமார் நாலு, அஞ்சு கிராம்தான் கிரியேட்டின் இருக்கு. அப்போ 21 கிராமுக்குக் கிட்டத்தட்ட 5 கிலோ கறி. பம்மல் கறிக்கடை அண்ணன் நம்மளைப் பார்த்து, ‘என்ன தம்பி, வீட்டுல காதுகுத்தா?’ன்னு கேப்பார். நம்ம ஜிம்பாய் போட்ட ரெண்டு ஸ்பூன், அதுல பாதி கூட வராது. அதுவும் நாற்பது நிமிஷத்துல எஃபெக்ட் எதிர்பார்த்தான். அதுக்குள்ள அது வயித்தைத் தாண்டியிருந்தாலே பெரிசு.

அப்போ டோஸை ஏத்திட்டா? அந்த ஆராய்ச்சியாளர்களே ‘இவ்வளவு பெரிய டோஸை வீட்டுல யாரும் முயற்சி பண்ணாதீங்க, சிறுநீரகத்துக்கு சுமை’ன்னு எச்சரிச்சிருக்காங்க. ஜிம்பாய்க்கு இந்த வரி மட்டும் எப்படியோ கண்ணுல படலை!

இன்னொரு கணக்கு. 15 பேருங்கிறது நம்ம கேன்டீன்ல ரெண்டு பெஞ்ச். 2023-ல 123 பேரை வெச்சு, தினம் 5 கிராம்னு ஆறு வாரம் பார்த்த பெரிய ஆராய்ச்சி ஒண்ணு வந்தது. அதுல பலன் இருந்தா அது ரொம்பச் சின்னதுன்னுதான் தெரிஞ்சுது. சைவம், அசைவம்னு வித்தியாசமும் தெரியலை. 2024-ல ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த ஆதாரங்களை எல்லாம் கொட்டிக் கிளறிப் பார்த்துட்டு, ‘கிரியேட்டின் சாப்பிட்டா மூளைத்திறன் கூடும்னு நிரூபணம் ஆகலை’ன்னு சொல்லிடுச்சு. அதாவது ரிசல்ட் இன்னும் ‘வித்ஹெல்ட்’ல இருக்கு!

ஒரு முக்கியமான மேட்டர். கிரியேட்டின் தூக்கத்தை விரட்டுற சரக்கே இல்லை. அந்த வேலையைப் பார்க்கிறது காபி, டீயில இருக்கிற காஃபின். நாம முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளையில ‘அடினோசின்’னு ஒண்ணு சேர்ந்துக்கிட்டே போகும். ‘போதும்டா, படு’ன்னு கதவைத் தட்டுறது அதுதான். காஃபின் போய் அந்தக் கதவுல சாஞ்சு நின்னுக்கும். தட்டுறது உள்ளே கேக்காது, ஆனா வெளியே கூட்டம் சேர்ந்துக்கிட்டே இருக்கும். அதனாலதான் காஃபின் இறங்கினதும் மொத்தமா அமுக்குது. கிரியேட்டின் கதவுப் பக்கமே போறதில்லை. உள்ளே இருக்கிறவனுக்குக் கைமாத்து கொடுக்கும், அவ்வளவுதான். ஜிம்பாய் குறட்டை விட்டதுக்கு இதுதான் காரணம். பவுடர் மேல தப்பு இல்லை.

குரோம்பேட்டையில ஒரு நைட் அவுட்

‘நைட் அவுட் அடிக்காம எவன்டா இன்ஜினீயர் ஆனான்?’னு நீங்க கேக்குறது காதுல விழுது. நம்ம ஏரியாவுலயே ஒரு சூப்பர் உதாரணம் இருக்கு. அனகாபுத்தூர்ல இருந்து பம்மல், பல்லாவரம் தாண்டினா குரோம்பேட்டை. அங்கே 1949-ல ஆரம்பிச்ச எம்.ஐ.டி. 1950-கள்ல அங்கே படிச்ச ஒரு ராமேஸ்வரத்துப் பையன், தாழப் பறக்கிற போர் விமானத்துக்கு டிசைன் போட்டுக்கிட்டு இருந்தான். வேலை திருப்தியா இல்லைன்னு புரொபசர் ஸ்ரீனிவாசன் முகத்துக்கு நேரா சொல்லிட்டார். ஒரு மாசம் டைம் கேட்டதுக்குக் கிடைச்சது மூணே நாள். முடிக்கலைன்னா ஸ்காலர்ஷிப் கட்! அந்தப் பையன் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுட்டு, டிராயிங் போர்டை விட்டு எழுந்திரிக்காம வரைஞ்சான். ஞாயித்துக்கிழமை புரொபசர் வந்து எட்டிப் பார்த்து அசந்துட்டார். பையன் பேரு அப்துல் கலாம். ‘அக்னிச் சிறகுகள்’ல அவரே சொல்லியிருக்கார்.

‘பார்த்தியா!’ன்னு குதிக்காதீங்க. அவர் வரைஞ்சது ஏற்கெனவே கையில இருந்த டிசைனை. விஷயம் உள்ளே இருந்துச்சு, ராத்திரி அதைப் பேப்பர்ல கொண்டு வந்தார். நாம பண்றது உல்டா. மூணு யூனிட்டைப் புதுசா உள்ளே திணிச்சு, தூங்காமலேயே காலையில வெளியே எடுக்கப் பார்க்குறோம். பகல்ல படிச்சதை மூளை அடுக்கி வெச்சு நிலையான ஞாபகமா மாத்துற வேலை பெரும்பாலும் தூக்கத்துலதான் நடக்குது. தூங்கலைன்னா? ரெக்கார்டு நோட்டை எழுதி முடிச்சுட்டு சப்மிட் பண்ணாம வீட்டுலயே வெச்சுட்டு வந்த கதைதான்.

இதைவிட டேஞ்சர் ஒண்ணு இருக்கு. 1997-ல ஆஸ்திரேலியாவோட டாஸன், ரீட்னு ரெண்டு பேர் ‘நேச்சர்’ இதழ்ல எழுதினாங்க. 17 மணி நேரம் தூங்காம இருக்கிறவனோட கையும் கண்ணும் ஒத்துழைக்கிற லட்சணம், ரத்தத்துல 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கிறவன் மாதிரி ஆகிடுதாம். 24 மணி நேரம் ஆனா 100 மில்லிகிராம் மாதிரி. நம்ம ஊரு மோட்டார் வாகனச் சட்டத்துல அனுமதிக்கிற அளவு எவ்வளவு தெரியுமா? 30 மில்லிகிராம்! டீ மட்டும் குடிச்சுட்டு நைட் அவுட் போட்ட பையன் காலையில பைக் எடுத்தா, போலீஸ் ஊதச் சொன்னா ஜீரோ காட்டும். ஆனா ஓட்டுறது என்னவோ குடிகாரன்தான்.

எங்களுக்கு அது நடந்துச்சு. அந்த எக்ஸாமுக்குக் கிளம்பி, குன்றத்தூர்–பல்லாவரம் ரோட்டுல ஜிம்பாய் ஓட்ட, நான் பின்னாடி. பம்மல்கிட்ட முன்னாடி போன தண்ணி லாரி பிரேக் போட்டுச்சு. இவன் போடலை. நான் கத்தினதுல கடைசி நிமிஷம் வளைச்சு, ஒரு இளநி வண்டியை உரசி நின்னான். “தூங்கிட்டியாடா?”ன்னேன். “இல்லடா... முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா லாரி தெரியலை”ன்னான். அந்தப் பதில்தான் இன்னிக்கும் வயித்தைக் கலக்குது. இளநிக்கார அண்ணன் எங்க மூஞ்சியைப் பார்த்துட்டு, “மொதல்ல கீழ இறங்குங்க தம்பி”ன்னு ரெண்டு இளநி வெட்டிக் கொடுத்தார். காசு வாங்கலை. நாங்க மிச்ச தூரத்துக்கு பஸ் ஏறினோம்.

டப்பாவோட ரெண்டாவது கதை

இப்போ நான் ஆரம்பத்துல சொன்ன மேட்டர்.

ஜிம்பாயோட அப்பா ஒரு காலத்துல நெசவாளர். அனகாபுத்தூர்னா தறிச் சத்தம்தான்னு இருந்த காலம் அது. வாழை நார்ல புடவை நெய்யுற ஊருன்னு டி.வி.யில எல்லாம் இப்பவும் காட்டுறாங்க. ஆனா தறியை நம்பி எல்லா வீட்டுலயும் அடுப்பு எரியுறதில்லை. அவர் தறியை விட்டுட்டுப் பல வருஷமா நைட் டூட்டி செக்யூரிட்டி. ராத்திரி எட்டுல இருந்து காலையில எட்டு. ஒன்பதரைக்கு வீட்டுக்கு வருவார். ஷீட் போட்ட வீடு, பகல் வெயில், தலைக்கு மேல பத்து நிமிஷத்துக்கு ஒரு விமானம், பக்கத்து வீட்டு மிக்ஸி, நாங்க வந்து போடுற அரட்டை... எவ்வளவு தூங்கியிருப்பார்? நாலு மணி நேரம் இருந்தா அதிர்ஷ்டம். நாங்க செமஸ்டருக்கு ரெண்டு நாள் முழிச்சுட்டு உலகத்தையே தூக்கிச் சுமந்த மாதிரி சீன் போடுறோம். அவர் வருஷம் பூரா நைட் அவுட்!

ஒரு நாள் ஜிம்பாய்கிட்ட கேட்டிருக்கார். “அந்தப் பவுடரு தூங்காதவங்களுக்கு நல்லதாமே, அன்னிக்கு மாடியில பேசிக்கிட்டீங்களே... நானும் டீயில ஒரு ஸ்பூன் போட்டுக்கவா?” இவனும், “போட்டுக்கோங்கப்பா, ஒண்ணும் ஆகாது”ன்னு சொல்லிட்டான். மகன் ஜிம்முக்குப் போறான், படிச்ச பையன், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அவரும் மூணு வாரம் விடாம போட்டிருக்கார்.

அவருக்கு சுகர் உண்டு. வழக்கமா எடுக்குற பிளட் டெஸ்ட் எடுத்தாங்க. ‘கிரியேட்டினின்’ போன தடவை 1.1, இந்தத் தடவை 1.5. சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்குற டெஸ்ட் அது. சுகர் இருக்கிற வீட்டுல இந்த நம்பர் ஏறினா என்ன அர்த்தம்னு யாரும் சொல்லித் தர வேணாம். அவங்க அம்மா டயாலிசிஸ் வரைக்கும் யோசிச்சு அழுதுட்டாங்க. ஜிம்பாய் எனக்கு போன் பண்ணி, “மச்சி, எங்கப்பா கிட்னியை நானே காலி பண்ணிட்டேன்டா”ன்னான். அவன் குரல் அப்படி உடைஞ்சு நான் கேட்டதே இல்லை.

டாக்டர்கிட்ட நானும் கூடப் போனேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “புதுசா மாத்திரை, பவுடர், லேகியம் ஏதாவது சாப்பிடுறீங்களா?” ஜிம்பாய் தலையைக் குனிஞ்சுக்கிட்டு டப்பாவை மேஜை மேல வெச்சான்.

டாக்டர் திட்டலை. பேப்பர்ல எழுதிக் காட்டினார். கிரியேட்டின், கிரியேட்டினின். நடுவுல ஒரே ஒரு ‘னி’தான் எக்ஸ்ட்ரா. உடம்புல இருக்கிற கிரியேட்டின் தினமும் கொஞ்சம் கொஞ்சமா உடைஞ்சு கிரியேட்டினினா மாறும். அதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியே அனுப்பும். ரத்தத்துல அது தேங்கினா ‘வடிகட்டி சரியா வேலை செய்யலையோ’ன்னு சந்தேகப்படுறோம். ஆனா மேலே இருந்து நாமளே கிரியேட்டினைக் கொட்டினா, வடிகட்டி நல்லா இருந்தாலும் நம்பர் கொஞ்சம் ஏறலாம். அதனால நம்பர் ஏறினதாலேயே சிறுநீரகம் கெட்டுப்போச்சுன்னும் சொல்ல முடியாது, கெடலைன்னும் சொல்ல முடியாது. “அதுதான் சார் ஆபத்து. சுகர் இருக்கிற உங்களுக்கு இந்த நம்பர் ஒரு அலாரம். நீங்க அலாரத்தையே குழப்பி விட்டுட்டீங்க”ன்னார்.

பவுடரை நிறுத்தச் சொன்னார். யூரின் டெஸ்ட் எழுதினார். மூணு வாரம் கழிச்சு மறுபடி ரத்த டெஸ்ட். அந்த மூணு வாரம் ஜிம்பாய் ஜிம் பக்கமே போகலை. முதல் வாரம் வீட்டுல யாருக்கும் சோறு இறங்கலை. ரிசல்ட் 1.2. யூரின்லயும் பெரிசா பிரச்னை இல்லை. அப்பாடா! ஆனா டாக்டர் கிளம்பும்போது இன்னொண்ணு சொன்னார். “பவுடர் விஷயம் முடிஞ்சுது. உங்க சுகர் இறங்காததுக்குத் தூக்கம் இல்லாததும் ஒரு காரணம். அதுக்கு டப்பாவுல மருந்து கிடையாது.”

ஜிம்பாய்க்கு அது எங்கேயோ குத்திடுச்சு. மறுநாளே வேலையில இறங்கிட்டான். உள் ரூம் ஜன்னலுக்கு, அப்பாவோட பழைய தறித் துணியை ரெண்டு மடிப்பா மடிச்சு இருட்டுத் திரை போட்டான். ஷீட்டுக்குக் கீழே தெர்மகோல் அடிச்சான். காலையில பத்து மணியில இருந்து மூணு வரை அந்த வீட்டுல மிக்ஸி கிடையாது, டி.வி. கிடையாது, எங்க கேங்குக்கு என்ட்ரி கிடையாது. பக்கத்து வீட்டு அக்காகிட்டயும் போய்க் கெஞ்சிட்டு வந்தான். விமானத்தை மட்டும் அவனால நிறுத்த முடியலை. அதுக்குக் காதுல வைக்கிற பஞ்சு. அப்பா இப்போ ஆறு மணி நேரம் தூங்குறாராம். “பவுடரைவிட உன் திரை தேவலைடா”ன்னு சொன்னாராம். இவன் அதை எங்கிட்ட சொல்லும்போது வேற பக்கம் திரும்பிக்கிட்டான்.

சரி, நமக்கு என்ன?

டப்பாவைக் குப்பையில போடுன்னு நான் சொல்ல வரலை. எடை தூக்குறவங்களுக்குக் கிரியேட்டின் உதவுதுங்கிறது நல்லா நிரூபணமான விஷயம். ஆரோக்கியமா இருக்கிறவங்க வழக்கமான அளவுல, அதாவது ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம் எடுத்துக்கிட்டா பெரிய ஆபத்து இல்லைன்னுதான் இதுவரை வந்த ஆராய்ச்சிகள் சொல்லுது. ஆனா சில விஷயங்களைப் புத்தியில ஏத்திக்கோங்க மக்களே.

சிறுநீரகப் பிரச்னை, சுகர், பி.பி. இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது. வீட்டுல பெரியவங்க கேட்டா, ‘ஒண்ணும் ஆகாது’ன்னு நீங்களே டாக்டர் ஆகாதீங்க.

பிளட் டெஸ்ட் எடுக்கப் போனா, பவுடர் சாப்பிடுறதை முதல்லயே சொல்லிடுங்க. மறைச்சா டென்ஷன் உங்களுக்குத்தான்.

ஜிம்முல பாக்கெட் பிரிச்சு லூஸ்ல கொடுக்கிறதை வாங்காதீங்க. டப்பாவுல எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க லைசென்ஸ் நம்பரும் இருக்கான்னு பாருங்க.

ஒரே நேரத்துல நிறையப் போட்டா வயிறு கலக்கும். எக்ஸாம் ஹால்ல அது நடந்தா... கற்பனை பண்ணிக்கோங்க!

கடைசியா ஒண்ணு. 2003-ல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆராய்ச்சியில, ரெண்டு வாரம் தினம் ஆறு மணி நேரமோ அதுக்குக் கம்மியாவோ தூங்கினவங்க, ரெண்டு ராத்திரி துளிகூடத் தூங்காதவங்க அளவுக்குச் சொதப்பினாங்க. பெரிய ஆச்சரியம் என்னன்னா, அவங்களுக்கு அது தெரியவே இல்லை! ‘லேசா தூக்கம் வருது, மத்தபடி ஓகே’ன்னுதான் சொன்னாங்க. ‘எனக்கு நாலு மணி நேரம் போதும் மச்சி’ன்னு உங்க கேங்ல ஒருத்தன் சொல்வானே, அவன்கிட்ட இதைப் படிச்சுக் காட்டுங்க. அவன் பைக்ல பின்னாடி உட்காராதீங்க.

எக்ஸாம் என்னாச்சுன்னு கேக்குறீங்களா? கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல ரெண்டு பேருக்கும் அரியர். பவுடர் போட்டவனுக்கும் ஊத்திக்கிச்சு, போடாதவனுக்கும் ஊத்திக்கிச்சு. அறிவியல் பாஷையில சொன்னா, ‘குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை’!

இந்தத் தடவை ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கோம். தினம் சாயந்திரம் ஒரு மணி நேரம், ராத்திரி பதினொண்ணுக்கு லைட் ஆஃப். மொட்டை மாடி இல்லை, கீழ் ரூம்ல. ஜிம்பாயோட அப்பா எட்டு மணி டூட்டிக்குக் கிளம்பும்போது எங்க புத்தகத்தை எட்டிப் பார்த்துட்டுச் சொல்லிட்டுப் போறார்: “முழிக்கிற வேலையை நான் பார்த்துக்குறேன். நீங்க படிச்சுட்டுத் தூங்குங்கப்பா.”

மணி பத்தே முக்கால் ஆச்சு. வரட்டா?